கூட்டம் கலைந்த பிறகு என்ன? – வாசகர் கேள்வி பதில்

ஆட்சியாளரின் அத்துமீறலை எதிர்த்து மக்கள் எப்படித் திரள்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு, தேர்தல் கண்காணிப்பிலும் அறப்போராட்டப் பயிற்சியிலும் ஈடுபட்டிருப்பவர்கள் இங்கே பதில் தருகிறார்கள். கைது, கூட்ட அனுமதி போன்றவற்றில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் பகுதி வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்தல் நடக்கிறது, நாடாளுமன்றம் கூடுகிறது, செய்தித்தாளும் வருகிறது. இருந்தும் ஏதோ கைநழுவிப் போவதாகத் தோன்றுகிறது. இது வெறும் பயமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

பயம் என்று தள்ளிவிடாதீர்கள். இன்றைய எதேச்சாதிகாரம் பெரும்பாலும் சட்டத் திருத்தத்தின் வழியாகத்தான் நுழைகிறது. ஹங்கேரியில் 2010-ல் ஏறத்தாழ 53 சதவீத வாக்குகளோடு மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்த ஆட்சி, நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 62 ஆகக் குறைத்தது. காகிதத்தில் அது நிர்வாகச் சீர்திருத்தம். நடைமுறையில் மூத்த நீதிபதிகள் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்து நாடாளுமன்ற இடங்கள் 386-லிருந்து 199 ஆகக் குறைந்தன, தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. 2014-ல் சுமார் 45 சதவீத வாக்குகளே கிடைத்தும் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் மறுபடி அதே கட்சிக்குப் போயின. தனித்தனியாகப் பார்த்தால் எந்த மாற்றமும் பெரிதாகத் தெரியாது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேர்தல் ஆணையரையும் நீதிபதிகளையும் நியமிக்கும் விதி எப்போது மாறியது, எதிர்க்கட்சியினர் மீதான வழக்குகள் எந்த மாதத்தில் குவிந்தன, அரசு விளம்பரம் எந்தப் பத்திரிகைக்கு நின்றது, தணிக்கை அறிக்கை வெளியாவது எவ்வளவு தள்ளிப்போகிறது என்று தேதி, ஆணை எண்ணோடு எழுதிவாருங்கள். ஆறு மாதம் எழுதினாலே போக்கு தெரிந்துவிடும். பிறகு யாரிடம் பேசினாலும் ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று தொடங்க வேண்டியிருக்காது.

நாங்கள் ஐந்து பேர்தான் இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? – கல்லூரி மாணவி

ஐந்து பேர் போதும். ஆனால் பொதுக்கூட்டத்தில் தொடங்காதீர்கள். புதிய குழுக்கள் பலவும் சறுக்குவது இங்கேதான். பெரிதாக அறிவிப்பு வரும், நாற்பது பேர் வருவார்கள், ‘இவ்வளவுதானா’ என்று ஆட்சியும் நினைக்கும், அந்த நாற்பது பேரும் நினைப்பார்கள். அடுத்த முறை பதினைந்து பேர்தான் வருவார்கள்.

முதல் வேலை பட்டியல். ஐந்து பேரும் நேரில் உட்கார்ந்து பேசக்கூடிய பத்துப் பத்துப் பெயர்களை எழுதுங்கள். ஐம்பது பேரையும் மூன்று வாரத்துக்குள் தனித்தனியாகப் பாருங்கள். ஒருவருக்கு அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும், அதில் பெரும்பங்கு அவர்தான் பேச வேண்டும். அவருடைய அன்றாடத்தில் எது வலிக்கிறது என்று கேளுங்கள். எழும்போது சின்னதாக ஒரு வேலை கேளுங்கள்: ஒரு கையெழுத்து, இன்னும் இரண்டு பேரிடம் அறிமுகம், ஒரு மாலை நேரம். வாய்நிறைய ஆதரவு சொல்லிவிட்டு வேலை வாங்கிக்கொள்ளாதவரை ஆதரவாளர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீடு திரும்பியதும் ஒவ்வொருவருக்கும் எண் போடுங்கள். தானே முன்னின்று நடத்துவார் என்றால் 1, கூட வருவார் என்றால் 2, முடிவெடுக்காதவர் 3, பிடிக்காதவர் 4, எதிர்த்து வேலை செய்பவர் 5. உங்கள் நேரம் 2-க்கும் 3-க்கும் போக வேண்டும். ஐந்தாம் எண்காரரோடு வாதாடுவதில் கிடைக்கும் சுகம் பெரியது, பலன் ஒன்றும் இல்லை. இந்தப் பட்டியல் காகிதத்தில், ஒரே பிரதியாக, பெயருக்குப் பதில் குறியீட்டோடு இருக்கட்டும்.

அடுத்து கோரிக்கை. ‘ஆட்சியே போ’ என்பதைக் கேட்டு, சரி என்று சொல்லக்கூடியவர் யாருமில்லை. முதல் கோரிக்கைக்கு ஒரு முகவரி வேண்டும்: எந்த அதிகாரி நினைத்தால் நாளைக்கே நடக்கும்? அமெரிக்காவின் மான்ட்கமரி நகரில், பேருந்துகளில் இருந்த இனப் பாகுபாட்டை எதிர்த்து 1955 டிசம்பர் 5 அன்று புறக்கணிப்பைத் தொடங்கிய கறுப்பின மக்கள் முதலில் கேட்டவை மரியாதையான நடத்தை, முதலில் வருபவருக்கு முதலில் இருக்கை, தங்கள் பகுதித் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள். அந்தச் சிறிய கோரிக்கையும் மறுக்கப்பட்டபோதுதான் நகரம் மொத்தமும் உறுதியானது. புறக்கணிப்பு 381 நாள் நின்றது. பேருந்தில் ஏறாதவர்கள் வேலைக்குப் போக ஏறத்தாழ 300 கார்களை வைத்து, ஏறும் இடம், இறங்கும் இடம், நேரம் எல்லாம் குறித்த ஒரு போக்குவரத்தையே அவர்கள் நடத்தியதால்தான் அது சாத்தியமானது. 1930-ல் உப்பு தேர்ந்தெடுக்கப்பட்டதும் இதே கணக்கில்தான். விளக்கவுரை இல்லாமல் எந்த வீட்டுக்கும் புரிகிற பொருள் அது.

தெருவில் இறங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். குறிப்பிட்ட நாளில் எல்லோரும் ஒரே நிறத் துணியைச் சட்டையில் குத்திக்கொள்வது போல எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று. நூறு பேர் ஒப்புக்கொண்டு முப்பது பேர் குத்தியிருந்தால் உங்கள் உண்மையான பலம் முப்பது. அதற்கேற்ற திட்டம் போடுங்கள்.

மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் தெருவுக்கு வந்தால் எந்த ஆட்சியும் விழுந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அரசியல் ஆய்வாளர்களான எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் இருவரும் 1900 முதல் 2006 வரையிலான 323 போராட்டங்களை ஆராய்ந்தார்கள். வன்முறையற்றவை ஏறத்தாழ 53 சதவீதமும் ஆயுதம் ஏந்தியவை 26 சதவீதமும் வென்றிருந்தன. உச்சக் கட்டத்தில் 3.5 சதவீதம் பேர் பங்கெடுத்த எதுவும் தோற்றிருக்கவில்லை என்பது பிறகு வந்த கணக்கு. அதற்கும் விதிவிலக்கு உண்டு என்று செனோவெத்தே பின்னர் எழுதியிருக்கிறார். 2011-ல் பஹ்ரைனில் அதைவிடப் பெரும் பங்கு மக்கள் திரண்டும் இயக்கம் நசுக்கப்பட்டது. 2010-க்குப் பிறகு அறப்போராட்டங்களின் வெற்றி விகிதம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதும் அவர் சொன்னதுதான். ஆயுதப் போராட்டங்களின் விகிதம் அதைவிட அதிகமாகச் சரிந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

3.5 என்பது பழைய போராட்டங்களைத் திரும்பிப் பார்த்தபோது கிடைத்த எண். அதை இலக்காக வைத்து ஒரு நாள் கூட்டத்தைப் பெருக்கிக் காட்டுவதில் பயனில்லை. வந்தவர்களில் வங்கி ஊழியர், மின்வாரியக்காரர், காவலரின் தாய், மாவட்ட அலுவலக எழுத்தர் எத்தனை பேர் என்று பாருங்கள். தலைகளின் எண்ணிக்கையைவிட இந்தக் கலவை முக்கியம்.

வாக்கு எண்ணிக்கையில் தில்லுமுல்லு நடக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாதாரண மக்களால் தடுக்க முடியுமா? – கட்சி சாராத இளைஞர் குழு

முடியும். இவ்வளவு துல்லியமாகச் செய்யக்கூடிய வேலை மக்கள் இயக்கத்தில் வேறில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

வேலை தேர்தலுக்குப் பல மாதம் முன்பே தொடங்குகிறது. வாக்காளர் பட்டியலை அச்செடுத்து வீடு வீடாக நடந்து சரிபாருங்கள். இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரண்டு இடத்தில் இருப்பவர், உயிரோடு வீட்டில் இருந்தும் பெயர் நீக்கப்பட்டவர் என்று நான்கு நிறத்தில் குறியுங்கள். நான்காவதுதான் அவசரம். திருத்த மனுவுக்குக் கடைசி நாள் உண்டு, அதற்குப் பிறகு எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

வாக்குப்பதிவு நாளில் ஒரு சாவடிக்கு ஒரு முகவர் போதாது. குறைந்தது இரண்டு பேர், முறை வைத்து. தொடங்குமுன் பெட்டி காலி என்பதைப் பார்த்து, முத்திரை எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். மணிக்கொரு முறை வாக்களித்தவர் எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும். காலையெல்லாம் மணிக்கு 60 பேர் வந்த சாவடியில் கடைசி ஒரு மணியில் 400 பேர் வந்ததாகக் கணக்கு காட்டினால் அங்கேயே கேட்கலாம். கடைசியில் எண்ணிக்கை முடிந்து முடிவுத் தாள் கையெழுத்தாகும்வரை முகவர் நகரக் கூடாது. முகவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான். பசி, தூக்கம், வீட்டுக்குப் போக வண்டி இல்லை என்ற காரணங்கள். அவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், திரும்பிப் போக வாகனம் ஆகியவற்றுக்கு ஒருவரைத் தனியாகப் பொறுப்பாக்குங்கள்.

முடிவுத் தாளின் நகல் சட்டப்படி கிடைக்குமானால் வாங்குங்கள், கதவில் ஒட்டுவார்களானால் படமெடுங்கள். தாளைச் சமமாக வைத்து, நான்கு மூலையும் சாவடி எண்ணும் கையெழுத்துகளும் தெரிய, நிழல் விழாமல் இரண்டு படம். அதை இரண்டு வெவ்வேறு இடங்களுக்கு அனுப்புங்கள். காகித நகல் வேறொருவர் கையில், வேறு வழியில் போகட்டும். இணையம் துண்டிக்கப்பட்டால் என்ன செய்வது என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்: எந்த வீட்டில், எத்தனை மணிக்குள், யாரிடம்.

தொகுக்கும் இடத்தில் ஒரே தாளை இரண்டு பேர் ஒருவர் திரையை ஒருவர் பார்க்காமல் பதிவுசெய்ய வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் மூலத்தைப் பார்ப்பார். வேட்பாளர்களின் வாக்கு, செல்லாத வாக்கு இரண்டின் கூட்டல் வழங்கப்பட்ட வாக்குச்சீட்டுகளைத் தாண்டுகிறதா என்பதை ஒவ்வொரு தாளிலும் பாருங்கள்.

எல்லாச் சாவடிகளுக்கும் ஆள் இல்லையென்றால் மாதிரி எண்ணிக்கை இருக்கிறது. சாவடிகளைக் குலுக்கல் முறையில் பொறுக்கி அங்கே மட்டும் பயிற்சி பெற்றவர்களை நிறுத்துவது. நாடு முழுவதற்கும் முறையாகப் பொறுக்கிய ஆயிரம் சாவடிகள், உங்களுக்கு வசதியான ஐயாயிரம் சாவடிகளைவிட நம்பகமானவை. நகரத்துச் சாவடிகளே அதிகம் வந்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எந்தச் சாவடிகள் என்பது கடைசிவரை வெளியே தெரியக் கூடாது.

சிலியில் ராணுவ ஆட்சியாளர் பினோசே பதவியில் தொடரலாமா என்று கேட்ட 1988 அக்டோபர் 5 மக்கள் வாக்கெடுப்பில் ‘வேண்டாம்’ தரப்பு சொந்தமாக எண்ணியது. அரசு அறிவிப்பு இழுத்துக்கொண்டே போன இரவில் அந்தக் கணக்கு கையில் இருந்ததால், ராணுவ ஆட்சிக் குழுவில் இருந்த விமானப்படைத் தளபதியே பத்திரிகையாளர்களிடம் ‘வேண்டாம்’ வென்றதாகச் சொன்னார். இறுதிக் கணக்கு 56-க்கு 44. காம்பியாவில் 2016-ல் வாக்குச்சீட்டே கிடையாது. கோலிக்குண்டை உருளைப் பெட்டியில் போட வேண்டும், உள்ளே மணி அடிக்கும், இரண்டு முறை அடித்தால் எல்லோருக்கும் கேட்டுவிடும். அந்தக் குண்டுகளைச் சாவடியிலேயே, எல்லோர் முன்னிலும் எண்ணியதால்தான் 22 ஆண்டு ஆண்ட ஜாமேயின் தோல்வியை மறைக்க முடியாமல் போனது. கென்யாவில் 2017-ல் முடிவுத் தாள்களை அனுப்பியதில் இருந்த குளறுபடிகளுக்காக உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. 2022-ல் 46,000-க்கும் மேற்பட்ட சாவடிகளின் தாள்கள் பொது இணையதளத்தில் ஏற்றப்பட்டன, யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம் என்று ஆனது.

ஆதாரம் இருந்தும் ஆட்சியாளர் நகரவில்லையென்றால்?

நடக்கிறது. வெனிசுவேலாவில் 2024 ஜூலை 28 தேர்தலில் எதிர்க்கட்சி முகவர்கள் இயந்திரம் அச்சிட்ட முடிவுத் தாள்களை 80 சதவீதத்துக்கும் மேலான சாவடிகளிலிருந்து திரட்டி இணையத்தில் வைத்தார்கள். அவற்றின்படி எதிர்க்கட்சி வேட்பாளருக்கு ஏறத்தாழ 67 சதவீதம். தேர்தல் ஆணையம் அதிபர் மதுரோ வென்றதாக அறிவித்தது, சாவடிவாரிக் கணக்கை வெளியிடவேயில்லை. 2025 ஜனவரி 10 அன்று மதுரோ மறுபடி பதவியேற்றார். ராணுவமும் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன.

ஆகவே தேர்தலுக்கு முன்பே இன்னொரு தாள் தயாராக வேண்டும். ஆட்சியாளரின் உத்தரவு நடக்க யார் யார் கை தேவை? காவல், ராணுவம், கருவூலம், மின்சாரம், துறைமுகம், ஒளிபரப்பு, நீதிமன்றம், மதத் தலைவர்கள், பெருவணிகர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அங்கே உங்களுக்குத் தெரிந்தவர், அவருடைய பயம், அவருக்குக் கொடுக்கக்கூடிய உறுதி என மூன்று பத்திகள். செர்பியாவில் 2000-ல் அதிபர் மிலோசெவிச் தேர்தல் முடிவை ஏற்க மறுத்தபோது, நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்குக்கு நிலக்கரி தரும் கொலுபரா சுரங்கத் தொழிலாளர்கள் செப்டம்பர் 29-ல் வேலையை நிறுத்தினார்கள். காவல் படை வந்தபோது சுற்றுவட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் சுரங்கத்துக்குள் வந்து நின்றார்கள். படை திரும்பியது. அக்டோபர் 5-ல் ஆட்சி முடிந்தது. அங்கே இளைஞர்கள் காவலர்களைத் திட்டாமல் ‘நீங்களும் எங்களைப் போலத்தான் பாதிக்கப்பட்டவர்கள்’ என்று இரண்டு ஆண்டுகளாகப் பேசி வந்திருந்தார்கள். காவலரை எதிரியாக்கும் முழக்கம் ஒன்றே ஒன்று போதும், அந்த உழைப்பெல்லாம் வீணாகிவிடும்.

அரசு ஊழியர் நான். தெருவுக்கு வர முடியாது. என்னால் என்ன செய்ய முடியும்?

பெரும்பாலும் தெருவில் நிற்பவரைவிட அதிகம். ஜெர்மனியில் 1920 மார்ச் 13-ல் காப் என்பவர் ஆயுதப் படையோடு தலைநகரைப் பிடித்தார். மத்திய வங்கி அதிகாரிகள் பணம் தர மறுத்தார்கள், அமைச்சக அலுவலர்கள் ஒத்துழைக்கவில்லை, தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். 17-ம் தேதி அவர் ஓடிவிட்டார். பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரி 9 அன்று தேர்தல் ஆணையத்தின் கணினிப் பிரிவைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர், திரையில் தெரியும் எண்ணும் வெளியே பலகையில் காட்டும் எண்ணும் ஒன்றாக இல்லை என்று எழுந்து வெளியேறினார்கள். அதிபர் மார்கோஸ் தப்பி ஓடியது 25-ம் தேதி.

உங்களுக்கான முதல் பழக்கம்: சட்டத்துக்குப் புறம்பாகத் தோன்றும் எந்த வாய்மொழி உத்தரவையும் ‘எழுத்தில் தாருங்கள், எந்தப் பிரிவின் கீழ்’ என்று பணிவாகக் கேளுங்கள். பாதி உத்தரவுகள் அங்கேயே நின்றுவிடும். எழுத்தில் வந்தால் தேதியோடு பதிவாகிவிடும். தனியாக மறுக்காதீர்கள். குறைந்தது இரண்டு சக ஊழியர்களோடும் சங்கத்தின் வக்கீலோடும் முன்பே பேசி வையுங்கள்.

உடல்நிலை, வயது காரணமாக வெளியே வர முடியாதவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சிலியில் 1983 மே 11-ல் செப்புச் சுரங்கத் தொழிலாளர்கள் முதலில் வேலைநிறுத்தம்தான் அறிவித்தார்கள். ராணுவம் சுரங்கங்களைச் சூழ்ந்ததும் திட்டத்தை மாற்றினார்கள்: மெதுவாக வண்டி ஓட்டுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், இரவு 8 மணிக்கு வீட்டிலிருந்தபடியே பாத்திரத்தைத் தட்டுங்கள். யார் எழுப்புகிறார்கள் என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாத அந்தச் சத்தத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரரும் தன்னைப் போலவே நினைக்கிறார் என்று பத்து ஆண்டுகளில் முதல் தடவையாக மக்களுக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர்வலத்தில் எங்கிருந்தோ கல் பறக்கிறது. மறுநாள் செய்தியில் கல் மட்டும்தான் இருக்கிறது.

கல்லைத் தடுக்கும் வேலை முந்தைய வாரமே செய்ய வேண்டியது. ஐம்பது பேருக்கு ஒரு தொண்டர், இருவர் இருவராக, தூரத்திலிருந்தே தெரியும் நிறத்தில் கைப்பட்டை. சுவரோரமும் சந்து முனையும் கூட்டத்தின் வாலும்தான் ஆபத்தான இடங்கள், நடுவில் அவ்வளவு தேவையில்லை. யாராவது கல்லை எடுத்தால் தொண்டர் அவரைப் பிடிக்கக் கூடாது. சுற்றியிருப்பவர்கள் அப்படியே தரையில் உட்கார வேண்டும். நிற்பவர் மட்டும் தனியாகத் தெரிவார், ஒளிய இடமிருக்காது. முகம் மூடிய யாரும் எங்கள் அணியில் இல்லை என்று முந்தைய நாளே அறிவித்துவிடுவதும் உதவும், ஆனால் முகத்தைக் காட்டுவதே உயிருக்கு ஆபத்தான நாடுகளில் இது பொருந்தாது.

சீண்டலைத் தாங்குவதற்குப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வெள்ளையருக்கு மட்டுமான உணவுக் கூடங்களில் உட்காரும் போராட்டத்துக்காக அறப்போராட்டப் பயிற்சியாளர் ஜேம்ஸ் லாசன் 1959-ல் நடத்திய பட்டறைகளில் மாணவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள், தோழர்களே அவர்களைத் திட்டுவார்கள், தள்ளுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள். தாங்க முடியாதவர்கள் களத்துக்குப் போகாமல் வேறு வேலை எடுத்துக்கொண்டார்கள். 1960 மே மாதம் அந்த நகரத்து உணவுக் கூடங்கள் கறுப்பின மக்களுக்குத் திறந்தன. இரண்டு மணி நேரப் பயிற்சியில்கூட யார் கை ஓங்குவார் என்பது தெரிந்துவிடும்.

வெளியே போவது ஆபத்து என்றால் உள்ளேயே இருங்கள். போலந்தில் 1970-ல் தெருவுக்கு வந்த தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள். 1980 ஆகஸ்டில் க்டான்ஸ்க் கப்பல்தளத்தில் அவர்கள் வாயிலைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்கள், மதுவைத் தடை செய்தார்கள், அரசோடு நடந்த பேச்சுவார்த்தையை ஒலிபெருக்கியில் தளம் முழுக்கக் கேட்கச் செய்தார்கள். ரகசிய பேரத்துக்கு இடமே இல்லாமல் போனது.

கண்ணீர்ப் புகைக்கு: காற்று வீசும் திசைக்கு எதிராக, மேடான இடத்துக்கு நகருங்கள். கண்ணை ஏராளமான சுத்தத் தண்ணீரில் கழுவுங்கள், கசக்காதீர்கள். முகத்தில் எண்ணெயோ களிம்போ தடவி வந்தால் ரசாயனம் ஒட்டிக்கொள்ளும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம்.

தினமும் நூறு பதிவு பகிர்கிறேன். பயன் உண்டா?

தகவல் பரவும். பகிர்ந்தவர் பட்டியலும் அரசுக்கு இலவசமாகக் கிடைக்கும். சூடானில் 2019 ஜூன் 3 அன்று போராட்டக்காரர்கள் படுகொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து இணையம் துண்டிக்கப்பட்டது. ஜூன் 30 பேரணிக்கு மக்களை வரவழைத்தவை தெருவாரிக் குழுக்களும் சுவரெழுத்தும் நேர்ப்பேச்சும்தான். நூறைப் பத்தாக்கி, மிச்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போய்வாருங்கள்.

செல்போனை எடுத்துப் போகலாமா?

தேவையில்லாதவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. அணைக்காத போன் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதைக் கோபுரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எடுத்துப் போவதானால் கைரேகை, முகம் வைத்துத் திறக்கும் வசதியை நிறுத்துங்கள், குறைந்தது ஆறு இலக்க எண் வையுங்கள். உங்கள் விரலைப் பிடித்து வைத்துத் திறந்துவிடலாம், எண்ணை அப்படி எடுக்க முடியாது. பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி மாற்றுங்கள். உரையாடலுக்குச் சிக்னல் போன்ற முழுக்க மறையாக்கம் (அனுப்பியவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத ஏற்பாடு) உள்ள செயலி, செய்திகள் தானாக அழியும் ஏற்பாட்டோடு. குழுவில் நூறு பேர் இருந்தால் மறையாக்கம் உங்களைக் காக்காது. நூறில் ஒருவர் திரையைப் படமெடுத்தால் போதும். ஆகவே பெரிய குழுவில் அறிவிப்பு மட்டும், முடிவுகள் நேரில்.

படம் எடுத்தால் முகங்களை மங்கலாக்கிவிட்டு வெளியிடுங்கள். காவலரின் அத்துமீறலைப் பதிவுசெய்யும் மூலக் காணொளியை மட்டும் வெட்டாமல், திருத்தாமல் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். வெட்டிய காணொளியை நீதிமன்றத்தில் எளிதில் உடைத்துவிடுவார்கள்.

கைது செய்தால்?

போகுமுன் வக்கீலின் எண்ணை அழியாத மையில் கையில் எழுதிக்கொள்ளுங்கள். போன் உங்களிடம் இருக்காது. அவசர மருந்து சாப்பிடுபவர் ஒரு நாளைக்கான மருந்தையும் சீட்டையும் வைத்திருக்க வேண்டும். பெயரைச் சொல்லுங்கள், காரணம் கேளுங்கள், வக்கீல் வேண்டும் என்று சொல்லுங்கள். வேறு பேச்சு வேண்டாம். நட்பாகத் தேநீர் கொடுத்து அரட்டையடிக்கும் அதிகாரியிடம்தான் அதிகம் உளறிவிடுகிறோம். படிக்காத, வெற்று இடம் விட்ட தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளியே இருப்பவர்களுக்கு இன்னும் நிறைய வேலை. யார், எத்தனை மணிக்கு, எந்த நிலையத்துக்கு என்று ஒருவர் வீட்டிலிருந்து பதிவுசெய்ய வேண்டும். செர்பியாவின் ஓட்போர் இளைஞர் இயக்கம் ஒவ்வொரு கைதுக்கும் இரண்டாம் திட்டம் வைத்திருந்தது: உடனே வக்கீல், உடனே ஊடகம், உடனே நிலையத்தின் வாசலில் ஒரு கூட்டம். வெளியே வந்தவரைக் கைதட்டி வரவேற்றார்கள். கைது செய்யச் செய்ய ஆள் கூடியதால் கைது என்ற ஆயுதமே மழுங்கியது. கைதானவரின் வீட்டுக்கு அன்றிரவே யாராவது போக வேண்டும். பெரும்பாலானோரை விலக வைப்பது சிறையைவிட வீட்டாரின் கலக்கம்தான்.

எங்களுக்குள் ஒரு உளவாளி இருக்கிறார் என்று சந்தேகம்.

இருக்கலாம். அவரைத் தேடாதீர்கள். தேடத் தொடங்கிய குழு மூன்றே மாதத்தில் ஒருவரையொருவர் குற்றம்சாட்டிக் கலையும், உளவாளி செய்ய நினைத்த வேலையும் அதுதான். ரகசியத்தைச் சுருக்குங்கள்: சாட்சிகளின் பெயர், ஒளிந்திருப்பவரின் இடம், பணம் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் இரண்டு மூன்று பேரோடு நிற்கட்டும். மற்றவை அரசுக்குத் தெரிந்தாலும் நடக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். போலந்தில் 1976-ல் உருவான தொழிலாளர் பாதுகாப்புக் குழு தன் உறுப்பினர்களின் பெயரையும் முகவரியையும் தானே அச்சிட்டு வெளியிட்டது. வன்முறையை யார் முன்மொழிந்தாலும், அவர் உளவாளியோ உணர்ச்சிவசப்பட்டவரோ, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தும் விதி ஒன்று போதும்.

பணத்துக்கு என்ன செய்வது?

பலரிடமிருந்து சிறுசிறு தொகை. ஒரே புரவலர் என்றால் அவரை மிரட்டினாலே இயக்கம் நின்றுவிடும். வெளிநாட்டுப் பணம் கூடவே கூடாது என்பதில்லை, ஆனால் ரஷ்யா 2012-லும் ஜார்ஜியா 2024-லும் கொண்டுவந்த ‘அந்நிய முகவர்’ சட்டங்கள் எதைக் குறிவைக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்கக் கூடாது, வாரம் ஒருமுறை வரவு செலவு உறுப்பினர்களுக்குப் போக வேண்டும். இயக்கங்களைக் கணக்கு வழக்கில் மாட்டுவது ஆட்சிகளுக்கு மிக எளிது. வேலைநிறுத்தம் என்றால் முதலில் பெருக்கிப் பாருங்கள்: எத்தனை குடும்பம், ஒரு நாளைக்கு அத்தியாவசியம் எவ்வளவு, எத்தனை நாள். பத்து நாளைக்குத்தான் கையிருப்பு என்றால் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவிக்காதீர்கள். மூன்று நாள் என்று அறிவித்து, மூன்று நாளும் முழுமையாக நடத்தி, தலைநிமிர்ந்து வேலைக்குத் திரும்புங்கள். மறுபடி கூப்பிட்டால் வருவார்கள்.

தலைவர் இல்லாத இயக்கம் நல்லதா?

தலைவர் ஒருவரே என்றால் அவரைப் பிடித்தால் முடிந்தது. யாருமே இல்லையென்றால் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார ஆளில்லை. இலங்கையில் 2022 ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் திரண்ட மக்கள் ஜூலையில் கோத்தபய ராஜபக்சவை நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். அது பெரிய சாதனை. ஆனால் அடுத்த அதிபரை அதே நாடாளுமன்றம் ஜூலை 20-ல் தேர்ந்தெடுத்தது, 22-ம் தேதி அதிகாலை ராணுவம் திடலைத் துடைத்தது. நிறைவேற்று அதிபர் முறையை, அதாவது நிர்வாக அதிகாரம் அதிபர் கையில் குவியும் முறையை, ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கை அப்படியே நின்றது. ஆட்சியாளர் போன மறுநாள் காலை எந்தச் சட்டப் பிரிவின்படி யார் பொறுப்பேற்பார், முதல் நூறு நாளில் எந்த மூன்று சட்டங்கள் மாற வேண்டும் என்பதை அவர் போகும் முன்பே எழுதி, எல்லா அமைப்புகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். முறைவைத்து மாறும் பேச்சாளர்கள் மூவர், ஒருவர் உள்ளே போனால் அடுத்தவர் யார் என்ற வரிசை, எழுதப்பட்ட முடிவுப் புத்தகம் ஆகியவை இருந்தால் ‘தலைவர்’ என்ற பெயர் யாருக்கும் வேண்டியதில்லை.

ஒரு இரவில் திடீரென்று ராணுவச் சட்டம் அறிவித்துவிட்டால்? அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்?

முதல் ஆறு மணி நேரம்தான் எல்லாம். தென் கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு 10.30 மணியளவில் அதிபர் ராணுவச் சட்டம் அறிவித்தார். நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கேட்டால் அதிபர் அதை விலக்கியே ஆக வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசியல் சட்டம். 300 பேர் கொண்ட அவையில் 151 வேண்டும். அவைத் தலைவர் வேலி ஏறிக் குதித்து உள்ளே போனார். ஊழியர்கள் மேசை நாற்காலிகளை அடுக்கி வாசலை அடைத்தார்கள். வெளியே பொதுமக்கள் படையினரின் வழியில் நின்றார்கள். நள்ளிரவு 1 மணிக்கு 190 பேர் வந்திருந்து 190 பேரும் எதிராக வாக்களித்தார்கள். விடியும் முன் அறிவிப்பு விலக்கப்பட்டது. எந்தப் பிரிவு, எத்தனை வாக்கு, எந்தக் கட்டடம் என்பது உறுப்பினர்களுக்கும் ஊழியர்களுக்கும் மக்களுக்கும் முன்பே தெரிந்திருந்ததால்தான் அது நடந்தது.

உங்கள் நாட்டில் அந்தப் பிரிவு எது என்று இந்த வாரமே கண்டுபிடியுங்கள். உங்கள் பகுதிப் பிரதிநிதியிடம் நேரில் போய் ‘அப்படி ஒரு இரவு வந்தால் நீங்கள் அவைக்கு எப்படிப் போவீர்கள்’ என்று கேளுங்கள், பதிலைப் பகிரங்கமாக்குங்கள். தெருவுக்கு ஒரு சந்திப்பு இடம், அது அடைக்கப்பட்டால் இரண்டாவது இடம். வக்கீல், மருத்துவர், உள்ளூர்ச் செய்தியாளர், மின்சாரம், தண்ணீர், ரயில் துறைகளில் தெரிந்தவர் ஆகியோரின் எண்கள் ஒரு காகிதத்தில், பத்து வீடுகளுக்கு ஒரு பிரதி. இரண்டு பேட்டரி ரேடியோ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்கள் ஒவ்வொன்றையும் அழைத்துப் பார்த்து, மாறியவற்றை அடித்துத் திருத்துங்கள்.